வேஸ்ட் ரூம் சாவி

நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்தால் ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கும். சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. இந்த அறைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வேன். அடுத்தவர் சௌகரியத்தைக் கவனிக்கிறவன் என்ற பெயர் ஓர் ஆபீசில் சீக்கிரம் பரவும்.

ஹெட் ஆபீஸ் சட்டப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றீர்கள். குருசாமி கொடுத்த மனுவைக் கையில் கொடுத்து, ராஜபாளையம் போய் மேனேஜர் சமுத்திரத்திடம் வாக்குமூலம் வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறார்கள். 1995 மே மாதம் பரிபூரணம் என்ற பெண் எங்கள் மில்லின் வேஸ்ட் ரூமுக்குள் வைத்து இறந்தாளா, அன்றைக்கு அந்த ரூமின் சாவி யாரிடம் இருந்தது. இரண்டே கேள்வி. நாலு வருஷமாக யாரும் என்னிடம் இதை நேராகக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல விடுங்கள். அப்போதுதான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

எனக்குச் சொந்த ஊர் செட்டியார்பட்டி. 1983ல் பி.காம். முடித்த கையோடு இங்கே டைம் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். மூன்று ஷிப்டுக்கும் டோக்கன் வாங்கி வைப்பது, ஆள் குறைந்தால் பதிலி ஆள் போடுவது, இதுதான் வேலை. அப்போதெல்லாம் மில் ஒரு பெரிய குடும்பம் மாதிரி நடந்தது. முதலாளி கோபம் வந்தால் தெலுங்கில் திட்டுவார், மத்தியானமே மறந்துவிடுவார். வேலை போய்விடும் என்ற பயம் யாருக்கும் கிடையாது. எனக்கு மட்டும் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை, பிறவிக் குணமாக இருக்கலாம்.

அதனால் நான் தயார் செய்துகொண்டேன். ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். தினமும் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிப்பேன். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரோடு கூடவே சொல்லிப் பார்ப்பேன். 1988ல் கறுப்பு ஷூ ஒன்று வாங்கினேன். செருப்புப் போட்டுப் பழகிய கால், நடை சரியாக வரவில்லை. வீட்டுக்குள்ளேயே ஷூவை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து பழகினேன். என் மனைவி வெள்ளத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். "லாடம் அடிச்ச மாடு கணக்கா என்ன நடை நடக்கீக? அடுத்த வீட்டுல உரல் இடிக்கோம்னு நெனைக்கப் போறாக" என்றாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

1992ல் உங்கள் கம்பெனி எங்கள் மில்லை வாங்கியது. முதல் வாரமே லேபர் ஆபீஸ் என்ற போர்டைக் கழற்றிவிட்டு எச்.ஆர். என்று மாட்டினார்கள். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஆறு மாதத்தில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சம் குருசாமியும் நானும். 1995 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. ஜூன் மாதக் கடைசிக்குள் இருவரில் ஒருவர்தான் இருக்க வேண்டும், இருக்கிறவர் மேனேஜர் என்று எழுதியிருந்தது. அன்று வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. என் கால் வெடிப்புக்கு அவளே எண்ணெய் போட்டுவிட்டாள்.

குருசாமியைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தேவதானத்துக்காரர். இருபத்தோரு வருஷ சர்வீஸ். ஆயிரம் தொழிலாளிகளில் யார் வீட்டில் யாருக்கு அம்மை போட்டிருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். ஆனால் மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார். "எழுதி வைக்க வேண்டியதில்லய்யா, அம்புட்டும் மண்டைக்குள்ள இருக்கு" என்பார். நான் எல்லாவற்றையும் சார்ட் பேப்பரில் நாலு கலரில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். நீங்களே சொல்லுங்கள், கோயம்புத்தூரிலிருந்து வருகிற ஒருவர் எதைப் பார்ப்பார்? மண்டைக்குள் எட்டிப் பார்க்க முடியாது அல்லவா.

இனி வேஸ்ட் ரூமுக்கு வருகிறேன். உங்கள் ஹெட் ஆபீசில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் மில்லில் பெயர்ப் பதிவேட்டில் இல்லாத பதிலிப் பெண்கள் முப்பது நாற்பது பேர் எப்போதும் இருப்பார்கள். வருஷக்கணக்காக வேலை பார்ப்பார்கள், பதிவேட்டில் மட்டும் இருக்க மாட்டார்கள். பேக்டரி இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அவர்களைக் கழிவுப் பஞ்சு போட்டு வைக்கிற வேஸ்ட் ரூமில் உட்கார வைப்போம். அவர் போனதும் வெளியே வந்து வேலையைத் தொடர்வார்கள். இது பழைய முதலாளி காலத்திலிருந்தே உள்ள வழக்கம். பெண்கள் இதற்கு மேட்னி என்று பெயர் வைத்திருந்தார்கள். உள்ளே இருட்டு, இரண்டரை மூன்று மணி நேரம் உட்கார வேண்டும், அதனால். "ஏட்டி, இன்னைக்கு மேட்னி இருக்காம்ல, முறுக்கு எடுத்துட்டு வந்தியா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு சிரித்தபடிதான் போவார்கள். பஞ்சுமூட்டை மேல் சாய்ந்து தூங்கலாம், அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. யாரும் குறை சொன்னதில்லை.

கதவைப் பூட்டுகிற யோசனை என்னுடையது. 1993ல் ஒரு பெண் தண்ணீர் குடிக்க வெளியே வந்து இன்ஸ்பெக்டர் கண்ணில் நேராகப் பட்டுவிட்டாள். பெரிய சங்கடமாகிவிட்டது. பூட்டிவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது என்று நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். நல்ல யோசனை என்று அதன் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். சாவிக்குப் பொறுப்பு குருசாமி என்று முடிவாயிற்று. சாவிப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போட்டு எடுப்பார்.

பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங்கில் வேலை. பதினொரு வருஷமாகப் பதிலி. புருஷன் தவசிமுத்து தையல்காரர். பஞ்சுத் தூசியிலேயே கிடந்ததால் அவளுக்கு இளைப்பு வந்திருந்தது, மில்லில் பாதிப் பேருக்கு அது உண்டு. வேஸ்ட் ரூமில் ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்தான். அதற்குக் கீழே இருக்கிற மூட்டையை அவளுக்கென்று மற்றப் பெண்கள் விட்டுவிடுவார்கள். நன்றாகக் கதை சொல்வாள் என்பார்கள். நான் கேட்டதில்லை.

மே மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் நூல் வாங்க முன்வந்தது. வேலை செய்கிற ஒவ்வொருவரும் நிரந்தரத் தொழிலாளியாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. பார்வையிடப் புதன்கிழமை வருவதாக இருந்தார்கள். தங்கியிருந்த குற்றாலத்தில் வெயில் தாங்கவில்லை என்று செவ்வாய்க்கிழமையே கிளம்பிவிட்டார்கள். காலை ஒன்பதரைக்கு வழியிலிருந்து போன் வருகிறது, அரை மணியில் வந்துவிடுவோம் என்று. பதிலிப் பெண்கள் முப்பத்தேழு பேர் ஷிப்டுக்குள் இருந்தார்கள். பெரிய வாசல் வழியாக அவ்வளவு பேரை வெளியே விட்டால் எதிரே வருகிற கார் பார்க்காமல் இருக்குமா? மேட்னிக்கு அனுப்பச் சொன்னேன். குருசாமி கையெழுத்துப் போட்டுச் சாவியை எடுத்தார், பூட்டினார். நீங்கள் செக்‌ஷனைப் பாருங்கள் சார், இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கையிலிருந்து சாவியை வாங்கி என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், சாவி என்னிடம் இருந்தது.

பிறகு ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் பஞ்சுத் தூசியை முற்றத்தில் கொண்டுவந்து கொட்டும். ஆபீசிலிருந்து புது மிஷின் ஷெட்டுக்குப் போகிறவர்கள் அந்த முற்றத்தைத்தான் தாண்ட வேண்டும். வந்தவர்கள் கோட்டில் பஞ்சு ஒட்டினால் நன்றாகவா இருக்கும்? சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. அணைத்தேன். பெருக்குகிற ஆளைக் கூப்பிட்டு முற்றத்தைச் சுத்தமாகப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். குருசாமியாக இருந்தால் இதையெல்லாம் கவனித்திருக்க மாட்டார்.

பத்தேகாலுக்கு வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர், பம்பாய்க்காரர்கள் இருவர். உங்கள் வைஸ் பிரசிடென்ட் ஏற்பாடுகளைப் பார்க்கக் காலையிலேயே வந்திருந்தார். நான் பேசினேன். என் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்திருந்தேன், அவர்கள் விரும்பிக் கேட்டார்கள். சார்ட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். வெளிநாட்டுக்காரர் குறிப்பெடுத்துக்கொண்டார். இது மாதிரி ஒரு நாளுக்காகத்தான் நான் பன்னிரண்டு வருஷமாகப் படித்தேன், நடந்தேன்.

பதினொன்றே முக்காலுக்குக் குருசாமி கதவருகே வந்து நின்று சைகை காட்டினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. வெளியே போனேன்.

"ஏய்யா, சாவியக் குடு. உள்ள கெடந்து தட்டுதாக. ஃபேன் நின்னு போச்சு போல. பரிபூரணத்துக்கு மூச்சுவிட முடியலைங்காக."

"செத்த நேரம் பொறுங்க சார். இப்பத்தான் பேச்சு முடியிற எடத்துக்கு வந்திருக்கு."

"எம்புட்டு நேரம்யா பொறுக்க? பொம்பளையாளுக கத்துதாகய்யா. சாவி எங்க?"

வாசல் வாட்ச்மேன் மாரிச்சாமியிடம் கொடுத்திருக்கிறேன் என்றேன். பெரிய வாசல் இங்கிருந்து கால் மைல் இருக்கும். ஐம்பத்து நாலு வயசுக்காரர், அந்த வெயிலில் ஓடினார். நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். சாவி தொடையில் உறுத்தியது, கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

இது பொய்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிஷத்தில் கதவைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். முப்பத்தேழு பெண்கள் முற்றத்தில் வந்து விழுவார்கள். ஆர்டர் போகும், ஆர்டர் போனால் மில் மூடும், ஆயிரம் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். இந்தக் கணக்கை நான் அப்போதே போட்டுப் பார்த்தேன். அவசரப்பட்டுச் செய்ததில்லை.

பன்னிரண்டரைக்கு அவர்களைப் புது ஷெட்டுக்கு அழைத்துப் போனேன். முற்றத்தில் நடக்கும்போது வேஸ்ட் ரூமிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. வெளிநாட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மெயின்டனன்ஸ் வேலை நடக்கிறது என்றேன். தலையாட்டிக்கொண்டார். அப்போது குருசாமி திரும்பி வந்து சுவரோரம் நின்றார், கையில் ஒரு கடப்பாரை. பூட்டை உடைக்கத்தான் எடுத்து வந்திருந்தார். வைஸ் பிரசிடென்ட் அவரைப் பார்த்தார். குருசாமி கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவருக்கும் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். நாங்கள் ஷெட்டுக்குள் போகிற வரைக்கும் அப்படியே நின்றார் என்று நினைக்கிறேன், போன பிறகும் அவர் உடைக்கவில்லை. மனுவில் இதை அவர் எழுதவில்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை.

ஒன்றேகாலுக்குக் கார் கிளம்பியது. வாசல்வரை போய்க் கையசைத்தேன். பிறகு வந்து நானே திறந்தேன். வெளியே வந்த பெண்கள் முற்றத்தில் அங்கங்கே படுத்துவிட்டார்கள். செல்லக்கனி என்ற பெண் மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பரிபூரணம். முகம் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருந்தது. துடைத்துவிடலாமா என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"அம்புட்டு நேரம் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனோமே, ஒருத்தருக்குமா கேக்கல?" என்று செல்லக்கனி கேட்டாள். அழவில்லை, சும்மா கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் காதும் காதும் வைத்தமாதிரி நடந்தது. பரிபூரணம் பதிவேட்டில் இல்லை, ஆகவே அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. மில் வேனில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். பஸ்ஸுக்கு நடந்து போகும்போது ரோட்டில் மயங்கி விழுந்துவிட்டாள், எங்கள் வேன் பார்த்துத் தூக்கி வந்தது என்று தவசிமுத்துவிடம் நான்தான் சொன்னேன். நெடுநாள் இளைப்பு நோயாளி என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார், அதில் பொய் எதுவும் இல்லை. மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு மாலையோடு போனேன். ஆபீசிலிருந்து வேறு யாரும் வரவில்லை. தவசிமுத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசு பண்ணி வந்திருக்கீக அய்யா" என்று அழுதார். நான் அவர் அழுது முடிக்கிறவரை நின்றேன்.

ஆர்டர் கிடைத்தது. மீதி முப்பத்தாறு பெண்களையும் அந்த மாதமே நிரந்தரமாக்க நான் சிபாரிசு செய்தேன். வாய்ப்பூட்டு என்று குருசாமி மனுவில் எழுதியிருக்கிறார். நான் அதை நலத்திட்டம் என்று எழுதியிருந்தேன். கம்பெனிக்குள் ஒரு விசாரணை நடந்தது. பூட்டுச் சாவியைத் தன் பொறுப்பில் சரியாக வைக்காததற்காகக் குருசாமியைக் கூப்பிட்டார்கள். சாவியைச் சமுத்திரத்திடம் கொடுத்தேன் என்றார். பதிவேட்டைப் பார்த்தார்கள், அவர் கையெழுத்து இருந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஜூன் கடைசியில் அவர் தேவதானம் போய்விட்டார், நான் இந்த நாற்காலிக்கு வந்தேன்.

இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதுவது என்று தயக்கமாக இருந்தால் நானே டைப் அடித்துத் தருகிறேன். உங்களுக்கும் இது ஒரு நல்ல வாய்ப்பு. ஹெட் ஆபீசில் இரண்டு பக்கத்துக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு கேள்வியா? கேளுங்கள்.

அவளுக்கு இளைப்பு என்று முன்னாலேயே தெரியுமே, அவளை மட்டும் ஏன் வெளியே விடவில்லை என்கிறீர்கள். இதைக் குருசாமிகூடக் கேட்கவில்லை.

விட்டிருக்கலாம். கேன்டீன் பக்கம் ஒரு சின்ன வாசல் உண்டு. முப்பத்தேழு பேரை அந்த வழியாக அனுப்ப முடியாது, ஒருத்தி போனால் யாருக்கும் தெரியாது. இரண்டு நிமிஷ வேலை. அன்று காலை பெண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தபோது நான் கதவருகே நின்றேன். புது டை கட்டியிருந்தேன். பக்கத்தில் வைஸ் பிரசிடென்ட். பரிபூரணம் வரிசையைவிட்டு விலகி வந்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். "தம்பி, இன்னைக்கு எனக்கு ரொம்ப முடியல தம்பி. காலையில இருந்தே இழுக்குது. கேன்டீன் வாசல் வழியா வீட்டுக்குப் போயிருதேன். இன்னைக்குச் சம்பளம் வேண்டாம்" என்றாள்.

நான் கிளார்க்காக இருந்த காலத்திலிருந்து அவள் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஆபீசராகி எத்தனை வருஷம் ஆனாலும், யார் முன்னால் நின்றாலும் தம்பிதான். வைஸ் பிரசிடென்ட் சிரித்தார். "என்ன சமுத்திரம், உங்க அக்காவா?" என்று கேட்டார்.

அவள் என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். அதுவரை அவளிடம் வாங்க, போங்க என்றுதான் பேசியிருக்கிறேன். "வரிசையில போ" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆர்டர், மில், ஆயிரம் குடும்பம் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்களிடம் சொன்னேன். அதெல்லாம் மற்ற முப்பத்தாறு பேருக்கு.

பன்னிரண்டரைக்கு அந்த முற்றத்தில் நின்றபோது உள்ளே மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். கதவோரம் ஒரு குரல் மட்டும் கேட்டது. நான் வெளிநாட்டுக்காரரிடம் பேசிய இங்கிலீஷை வைத்து, வெளியே நிற்பது யார் என்று அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். "சார்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடியும், "சார்". அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். கேட்க எனக்கு நன்றாக இருந்தது.